சனிக்கிழமை உரையாடல்: ஜோசப் ஆலன் ஸ்டைன்

உறுப்பினர்களுக்கு வணக்கம். இந்தச் சனிக்கிழமை, அமெரிக்காவில் பிறந்து வாழ்வின் பெரும்பகுதியை இந்தியாவில் கழித்த கட்டடக்கலைஞர் ஜோசப் ஆலன் ஸ்டைனைப் பற்றிப் பேசவிருக்கிறோம். 1912-இல் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில் பிறந்த அவர், கலிபோர்னியாவில் தொழில் செய்துவிட்டு, 1952-இல் ஹவுராவை அடுத்த சிப்பூரில் இருந்த வங்காளப் பொறியியல் கல்லூரிக்குக் கட்டடக்கலைத் துறைத் தலைவராக வந்தார். சில ஆண்டுகளில் டெல்லிக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கே லோதி தோட்டத்தை ஒட்டி அவர் வடிவமைத்து, 1962-இல் திறக்கப்பட்ட இந்தியா இன்டர்நேஷனல் சென்டர் என்னும் பண்பாட்டு மையத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். கரடுமுரடான கல் சுவரும், வெயிலைச் சல்லடையாகச் சலித்து உள்ளே அனுப்பும் 'ஜாலி' எனப்படும் துளைவேலைப்பாட்டுத் தடுப்புகளும் அங்கே அருகருகே நிற்கின்றன. கலிபோர்னியாவில் பழகிய தோட்டமும் வீடும் கலந்த அமைப்பு, முகலாயர் காலத்து ஜாலியோடு உறுத்தலின்றிப் பொருந்திவிடுகிறது. பின்னாளில் அவர் வடிவமைத்த இந்தியா ஹேபிடட் சென்டரிலோ, முற்றங்களுக்கு மேலே சாய்வாகப் பொருத்திய நீலத் தடுப்புகள் கோடை வெயிலை மறித்து, குளிர்கால வெயிலை உள்ளே விடுகின்றன.

அவருடைய கட்டடங்கள் நிறைந்த அப்பகுதியை டெல்லிவாசிகள் 'ஸ்டைனாபாத்' என்றே வேடிக்கையாக அழைப்பதுண்டு (அரசு தந்த 1992-ஆம் ஆண்டுப் பத்மஸ்ரீயைவிட எனக்குப் பிடித்த பட்டம் இது). இவ்விரு கட்டடங்களையும் நேரில் பார்த்தவர்கள், தாங்கள் எடுத்த முற்றத்துப் படங்களை வெள்ளிக்கிழமைக்குள் குழுவில் பகிர வேண்டுகிறேன்.