ஐந்து நாளில் ஐந்து தீவு நடக்காத காரியம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐந்து நாளில் ஐந்து தீவு பார்க்கலாம் என்று ஞாயிறு இணைப்பில் லட்சத்தீவுப் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர் கொச்சித் துறைமுகத்தைத் தாண்டுவாரா என்பதே சந்தேகம். கடிதம் கொஞ்சம் நீளும், இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், அனுமதி பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எங்கள் ஊர் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நீரோடி, வள்ளவிளை, தூத்தூர். அந்த ஊர்க்காரர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் லட்சத்தீவுக் கடல் வரைக்கும் அதைத் தாண்டியும் போகிறவர்கள். 2017 ஒக்கிப் புயலில் எத்தனை பேரை இழந்தோம் என்பது உங்கள் வாசகர்களுக்கும் தெரியும், அப்போது சில படகுகள் கரை ஒதுங்கியது அந்தத் தீவுகளில்தான். நீரோடிக் கடற்கரையில் நின்று வரைபடத்தில் நேர் மேற்கே ஒரு கோடு இழுத்தால் ஏறக்குறைய மினிக்காய்த் தீவில் போய் முட்டும். ஆனாலும் சுற்றுலா போகிறவர் பெரும்பாலும் வடக்கே கொச்சிக்குப் போய்த்தான் கப்பலோ அகத்தித் தீவுக்குப் போகும் சின்ன விமானமோ பிடிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் அனுமதி. உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும் நுழைவு அனுமதி இல்லாமல் லட்சத்தீவில் கால் வைக்க முடியாது, 1967-இல் போட்ட விதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தீவைச் சேர்ந்த ஒருவர் உங்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும், இல்லையென்றால் அரசுச் சுற்றுலாத் தொகுப்பிலோ அங்கீகாரம் பெற்ற ஏற்பாட்டாளர் மூலமாகவோ போக வேண்டும். எந்தத் தீவுக்குப் போகலாம் என்பதும் அந்த அனுமதியிலேயே இருக்கும். போன இடத்தில் மனம் மாறிப் பக்கத்துத் தீவுக்கு ஒரு எட்டுப் போய் வரலாம் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. டிக்கெட்டைப் போட்டுவிட்டு அப்புறம் அனுமதி பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்த ஒரு குடும்பம் எங்கள் தெருவிலேயே உண்டு, அவர்கள் கடைசியில் ஃபோர்ட் கொச்சியில் மீன்வலை பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

சரி, அனுமதி வந்துவிட்டது, கப்பலிலும் இடம் கிடைத்துவிட்டது. இனி ஐந்து தீவு. வரைபடத்தில் கையால் மூடிவிடலாம் போலத்தான் இருக்கிறது. மொத்தம் 36 தீவு என்று கணக்கு, ஆள் குடியிருப்பது 10-இல். நிலப்பரப்பை எல்லாம் சேர்த்தாலும் 32 சதுர கிலோமீட்டர், நம் ஊர்ப்பக்கம் இரண்டு மூன்று பஞ்சாயத்து அளவுகூடத் தேறாது. ஆனால் கல்பேனிக்கும் மினிக்காய்க்கும் நடுவில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஆழ்கடல் கிடக்கிறது. கொச்சியிலிருந்து ஒவ்வொரு தீவுக்கும் கப்பல் 14 முதல் 20 மணி நேரம் வரை எடுக்கும். ஐந்து நாளில் ஐந்து தீவு என்று கிளம்பினால் பாதி நேரம் கப்பல் கூடத்தில் ஏலக்காயை மென்றுகொண்டு வாந்தியை அடக்குவதிலேயே போகும்.

தீவுக்குத் தீவு தாவ வேண்டும் என்ற ஆசை தப்பில்லை. அதற்கு ஏற்ற இடங்கள் அங்கேயே இருக்கின்றன, கட்டுரை அவற்றைத் தவறவிட்டுவிட்டது. பவளப்பாறை வளைத்துக் கட்டிய ஆழமில்லாத நீர்ப்பரப்பை லகூன் என்கிறார்கள், ஒரே லகூனுக்குள் பல தீவுகள் இருந்தால் படகில் ஏறி இறங்கியே நாளைக் கழிக்கலாம். பங்காரம், தின்னகரா இரண்டும் அப்படி ஒன்றுக்குள் இருக்கின்றன, அகத்தியிலிருந்து படகில் போய்விடலாம். கல்பேனியில் செரியம், திலாக்கம், பிட்டி என்று பக்கத்துத் தீவுகள். இதில் ஏதாவது ஒரு இடத்தைப் பிடித்து அங்கேயே தங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஏன் தங்க வேண்டும் என்றால், கடல் பிராணி நம் அட்டவணைக்கு வராது. நீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஒரு தடவையும் ஏறும் நேரத்தில் ஒரு தடவையும் அதே இடத்தில் இறங்கிப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு கடல். பேராமை கடல்புல் மேய்வதைப் பார்க்க வேண்டும். வாயால் கவ்வித் தலையை ஒரு பக்கம் சாய்த்து இழுக்கும், மணல் கலங்கி எழும், அந்தக் கலங்கலுக்குள் சின்ன மீன்கள் எங்கிருந்தோ ஓடி வந்து பொறுக்கும். கொஞ்ச நேரம் மேய்ந்துவிட்டு மேலே வந்து மூக்கை மட்டும் நீட்டி ஒரு மூச்சு, மறுபடி அடிக்குப் போகும். அது மூச்சுக்கு வரும் நேரத்தில் குறுக்கே போய்க் கேமராவை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். தள்ளி நின்றால் அதுவே பக்கத்தில் வரும். பவளப்பாறையைக் கடித்துத் தின்னும் கிளிமீன் ஒன்று உண்டு, தலையை நீருக்குள் வைத்துக்கொண்டு காதைக் கொடுத்தால் நறநறவென்று கேட்கும். தீவின் வெள்ளை மணலில் ஒரு பங்கு அது தின்று கழித்தது என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்காது.

ஆமைக்கு அகத்தி என்று பழைய கட்டுரைகளில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஒரு காலத்தில் அகத்தி லகூனில் ஆமைகள் கூட்டம் கூட்டமாக மேய்ந்தன, உண்மைதான். மேய்ந்து மேய்ந்து புல் குறைந்ததும் கட்மத்து போன்ற மற்ற லகூன்களுக்கு இடம் மாறின. ஆராய்ச்சியாளர்கள் இதைப் பல வருடமாகக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே இப்போது எங்கே மேய்கிறது என்று தீவுக்காரரிடம் கேளுங்கள். களியக்காவிளைக்காரனுக்கு மலையாளம் ஒரு பிரச்சினையே இல்லை, மினிக்காய் தவிர மற்ற தீவுகளில் பேச்சு மலையாளச் சாயலில்தான் இருக்கும். மினிக்காய்க்காரர்கள் பேசுவது மாலத்தீவுப் பக்கத்து மொழி. நாம் சம்பலில் போடும் மாசிக்கருவாடு அந்த ஊர்ச் சரக்கு. தூண்டிற்கம்பால் ஒவ்வொன்றாகச் சூரை பிடித்து, அவித்து, புகையிட்டு, காயவைத்து எடுப்பார்கள்.

பவளத்தைப் பற்றியும் உங்கள் படங்கள் கொஞ்சம் அதிகமாகவே ஆசை காட்டுகின்றன. 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிப் பவளம் வெளுத்த வருடங்கள் அங்கே உண்டு. 2023 கடைசியில் தொடங்கிய வெப்பத்தில் 2024 கோடையிலும் பெரிய அளவில் வெளுத்தது, மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே அதைச் சொன்னது. சில இடங்களில் செத்த பாறை மேல் பாசிதான் இருக்கும். நம் பள்ளி விடுமுறையோ ஏப்ரல், மே. நீர் அதிகம் சூடாக இருப்பது அப்போதுதான், மே நடுவிலிருந்து மழைக்காற்று தொடங்கிவிட்டால் செப்டம்பர் வரை சின்னப் படகுகள் ஓடுவதே கஷ்டம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அரையாண்டு விடுமுறையே நல்லது. கூட்டம் இருக்கும், வேறு வழியில்லை.

இறங்குவதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பல தீவுகளில் கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் நிற்கும், பக்கவாட்டுக் கதவைத் திறப்பார்கள், கீழே சின்னப் படகு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். படகு மேலே எழும் நொடியில் ஊழியர்கள் தோளைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள், அவர்கள் சொல்லும்போது காலைத் தூக்க வேண்டும், யோசிக்கக் கூடாது. முழங்கால் வலி உள்ள அம்மா, அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பெரிய சூட்கேஸும் வேண்டாம். குழித்துறை ஆற்றிலும் குளத்திலும் நீந்திப் பழகியவர்கள் கடலிலும் அப்படியே குதித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். லகூன் வாசல் பக்கம் நீர் வற்றும்போது இழுப்பு இருக்கும், மிதவை உடுப்பைக் கௌரவக் குறைச்சலாக எண்ண வேண்டாம்.

அதே கப்பல்களில்தான் தீவுக்காரர்கள் கொச்சி ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் வந்து போகிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். குடிதண்ணீரும் அப்படி. மணலுக்கு அடியில் மெல்லியதாகத் தேங்கும் மழைநீர்தான் அவர்களுக்கு ஆதாரம், அது போதாமல் சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைத்துக் கொடுத்தது, அப்புறம் மற்ற தீவுகளுக்கும். கடலில் குளித்துவிட்டு வந்து ஷவரை அரை மணி நேரம் திறந்துவிடுகிற பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகலாம். குடியிருப்புத் தீவுகளில் மதுவிலக்கு என்பதையும் நம் ஆட்களுக்குச் சொல்லியாக வேண்டும், கொச்சியில் கப்பல் ஏறும் முன் பையைச் சோதிப்பார்கள்.

இவ்வளவு அலைச்சல் முடியாது என்றால் மன்னார் வளைகுடா பக்கத்திலேயே இருக்கிறது, கன்னியாகுமரியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலும் உண்டு. ஆனால் அங்கேயும் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. நினைத்தபடி படகை வாடகைக்கு எடுத்துத் தீவில் இறங்க முடியாது, வனத்துறை ஏற்பாட்டில் போகலாம். ஆவுளியா என்கிற கடல்பசுவைக் காட்டுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது படகுச் சத்தம் கேட்டதுமே விலகிப் போகிற பிராணி.

கடைசியாக உங்களிடம் ஒரு வருத்தம். கட்டுரையின் பெரிய படத்தில் ஒரு இளைஞர் நட்சத்திர மீனைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார், காலோ பவளத்தின் மேல். பவளம், கடல் அட்டை இதையெல்லாம் எடுப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், நட்சத்திர மீனைக் காற்றில் பிடித்து வைத்திருந்தால் அதற்குச் சாவு வரலாம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்ப் பையன்கள் நான்கு பேர் அதே மாதிரி எடுக்கப் போகிறோம் என்று இப்போதே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த இணைப்பில் வேறு படம் போடுங்கள். கூடவே அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முறை, கொச்சியில் கப்பல் டிக்கெட் கொடுக்கும் இடம், அந்த மாதத்துக் கப்பல் அட்டவணை மூன்றையும் ஒரு பெட்டிச் செய்தியாக, அரையாண்டு விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்னதாகவே வெளியிட்டால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
களியக்காவிளை