உளுந்தின் வேரையும் தோண்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வேளாண் பக்கத்தில் நெல் தரிசு உளுந்துக்குக் களைக்கொல்லி தெளிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மருந்து, அளவு, தெளிக்கும் நாள் எல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். வேர் முடிச்சைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

களைக்கொல்லியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காவிரி டெல்டாவில் சம்பா நெல் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நெல்லுக்குள்ளேயே உளுந்தை விதைத்துவிடுகிறோம். உழவு கிடையாது, வரிசை கிடையாது. அறுப்பு முடிந்ததும் மறுதாம்பும் (அறுத்த நெல் தாளிலிருந்து மீண்டும் துளிர்ப்பது) புல்லும் உளுந்தை முந்திக்கொண்டு எழும்புகின்றன. கையால் களை எடுக்க ஆளும் இல்லை, ஆள் வந்தால் கூலி கட்டுபடியாவதும் இல்லை. இதையெல்லாம் அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் தெளிக்கச் சொல்லும் நாளைப் பாருங்கள். விதைத்து 15 முதல் 20 நாளுக்குள் என்கிறார்கள். உளுந்தின் வேரில் முடிச்சு கட்டத் தொடங்குவதும் அதே நாட்களில்தான். ரைசோபியம் பாக்டீரியா வேர்த்தூவி வழியாக உள்ளே நுழைந்து, முடிச்சு பருத்து, உள்ளே சிவந்தால்தான் காற்றிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) செடிக்குக் கிடைக்கும். நாம் தெளிக்கும் இமாசிதாபைர் என்ற களைக்கொல்லி, சில அமினோ அமிலங்களைச் செய்யும் ஒரு நொதியை முடக்கிக் களையைக் கொல்கிறது. அந்த நொதி செடிகளுக்கு மட்டும் உரியதல்ல, பாக்டீரியாவுக்கும் உண்டு. உளுந்து மருந்தைச் சிதைத்துப் பிழைத்துக்கொள்கிறது. என்றாலும் சில நாள் இலை வெளுத்து, வளர்ச்சி நின்றுபோகிறது. முடிச்சுக்குச் சாப்பாடு இலையிலிருந்து இறங்கும் சர்க்கரைதான். இலை வெளுத்தால் முடிச்சு பட்டினி கிடக்கும். பாசனம் செய்து வளர்க்கும் இறவை உளுந்தில் விதைத்த மூன்று நாளுக்குள் தெளிக்கும் பெண்டிமெத்தலின் செல் பிரிவதைத் தடுக்கும் மருந்து. அதன் அளவு கூடினால் பக்கவேர் கட்டையாகி, முடிச்சு பிடிக்கும் இடமே குறைந்துவிடும்.

போன தை மாதம் என் வயலில் இரண்டு மா (சுமார் 66 சென்ட்) நிலத்துக்கு ஆள் வைத்துப் பவர் ஸ்பிரேயரில் அடித்தோம். திரும்பும் இடங்களில் மருந்து இரட்டிப்பாக விழுந்திருந்தது. பத்து நாளாகியும் அங்கே செடி தெளியவில்லை. விதைத்த 30-ஆம் நாள் மண்வெட்டியால் தோண்டி, வேரைத் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். (பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும், தோண்டித்தான் எடுக்க வேண்டும்.) முடிச்சுகள் கடுகளவுதான் இருந்தன. கீறினால் உள்ளே வெள்ளை. மருந்து படாத வரப்போரச் செடிகளில் முடிச்சு கொத்தாக இருந்தது, நகத்தால் நசுக்கினால் ரத்தச் சிவப்பு. ஒரு வயலில் பார்த்ததை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ரைசோபியம் பாக்கெட்டை வாங்கி, ஆறிய கஞ்சியில் கலந்து, நிழலில் உலர்த்தி விதைத்தது நான்தான். அந்த வேலையை என் கையாலேயே பாழாக்கியிருக்கிறேன் என்று தெரிந்தபோது மனம் தாங்கவில்லை.

பரிந்துரைத்த அளவில் தெளித்தால் முடிச்சுகள் சில வாரங்களில் தேறிவிடும் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் தரிசு உளுந்துக்கு ஆயுளே 65, 70 நாள்தான். அதில் மூன்று வாரம் போய்விட்டால் மிச்சம் என்ன? மழையும் இல்லை, பாய்ச்சலும் இல்லை, அறுப்பில் மிஞ்சிய ஈரத்தில்தான் அத்தனையும் நடக்க வேண்டும். செடி வெளுத்ததைப் பார்த்துப் பதறி யூரியா கரைத்துத் தெளிப்பவர்களும் உண்டு. மண்ணில் தழைச்சத்து கூடக்கூட, முடிச்சு கட்டும் வேலையைச் செடியே குறைத்துக்கொள்ளும். செலவும் இரட்டிப்பு.

உளுந்துக்குக் களைக்கொல்லியைப் பரிந்துரைக்கும்போது எத்தனை சதம் களை செத்தது, எத்தனை கிலோ விளைந்தது என்பதோடு, பூக்கும் பருவத்தில் ஒரு செடிக்கு எத்தனை சிவந்த முடிச்சு இருந்தது என்பதையும் வேளாண் துறையும் ஆராய்ச்சி நிலையங்களும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புல்லும் மறுதாம்பும் மட்டும் உள்ள வயலுக்குப் புல்லை மட்டும் கொல்லும் குயிசலோபாப் போதும். அங்கேயும் இமாசிதாபைரையும் குயிசலோபாப்பையும் கலந்து அடிக்கச் சொல்லி மருந்துக்கடையில் கொடுத்தனுப்புகிறார்கள். சம்பாவுக்கு அடித்த சல்போனைல்யூரியா வகைக் களைக்கொல்லிகள், காரத்தன்மை மிகுந்த களர் நிலத்தில் மெதுவாகத்தான் சிதையும். அதன் மிச்சம் பின்னால் வரும் உளுந்தின் வேரை என்ன செய்கிறது என்பதையும் நம் டெல்டா மண்ணிலேயே சோதித்துச் சொல்லட்டும்.

வரும் தையில் ஒவ்வொரு வயலிலும் ஒரு மூலையை மருந்தடிக்காமல் விட்டுவைத்து, 30-ஆம் நாள் இரண்டு பக்கமும் ஐந்தைந்து செடி தோண்டிப் பார்க்கும்படி உங்கள் வேளாண் பக்கத்தில் வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பார்த்தவர்கள் எழுதி அனுப்புவதை வெளியிடுங்கள். என் வயல் கணக்கை நானும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உளுந்து விவசாயி ஒருவர்,
மன்னார்குடி வட்டம்.