வாலிபர் கூட்டத்தில் பேய்த் தொடரா?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே சுங்கை சிப்புட்டில் எல்லாரும் சுகம்.

ஜொகூர் பாரு சபை வாலிபர் கூட்டத்தில் டீன், சாம் என்ற சகோதரர்கள் பேய் வேட்டையாடுகிற 'சூப்பர்நேச்சுரல்' அமெரிக்க டிவி தொடரைப் போட்டுப் பேச வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். போடலாம்மா. 2005இல் தொடங்கி 2020இல் முடிந்தது. 15 சீசன், 327 எபிசோட். அதில் உனக்கு இரண்டு போதும்.

பிசாசு, லத்தீன் மந்திரம் என்றாலே சபையில் முகம் சுளிப்பார்கள். எனக்கு அங்கே பயமில்லை. தொடரில், வாசலில் உப்பைக் கோடாகப் போட்டால் ஆவி தாண்டாது, எலும்பைத் தோண்டி உப்புப் போட்டு எரித்தால் அடங்கும், இரும்பால் அடித்தால் கலையும். சாமானும் வார்த்தையும் சரியாக இருந்தால் போதும். செய்கிறவன் யாரை விசுவாசிக்கிறான் என்ற கேள்வியே இல்லை. கடவுளை நம்பாத டீன் லத்தீனில் வாசித்தாலும் பிசாசு கரும்புகையாக வாய்வழியே வெளியேறும். அப்போஸ்தலர் 19இல் ஸ்கேவாவின் குமாரர் ஏழு பேரும் இப்படித்தான், இயேசுவின் பெயரைச் சொன்னால் போதும் என்று நினைத்துப் பிசாசு விரட்டப் போனார்கள். "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்" என்று அந்த ஆவி கேட்டது. பிசாசு பிடித்தவன் அவர்கள்மேல் பாய்ந்தான். துணியில்லாமல், காயத்தோடு ஓடினார்கள்.

இந்தப் பகுதியை வாசிக்க வைத்துவிட்டு, அவரவர் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேள். தோட்டத்து லயத்து வீடுகளில் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டால் மூடநம்பிக்கை என்கிறோம். தலையணைக்கடியில் பைபிளை வைத்து, நிலைப்படியில் ஒலிவ எண்ணெய் தடவிவிட்டு, திறந்து வாசிக்காமலே தூங்குகிறோமே, அது மட்டும் என்ன? பெரியவர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதலில் சீசன் 1, எபிசோட் 12, 'ஃபெய்த்'. மின்சாரம் தாக்கி டீனின் இதயம் கெட்டுப்போகிறது. நெப்ராஸ்காவில் கூடாரம் போட்டு ஜெபிக்கிற கண் தெரியாத பிரசங்கியார் கை வைத்ததும் சுகம். அதே நேரம் வேறொருவன் செத்து விழுகிறான். பிரசங்கியாருக்கு ஒன்றும் தெரியாது. அவர் மனைவிதான் மரணத்தின் தூதனை மந்திரத்தால் கட்டிவைத்து, தன் கண்ணுக்குப் பாவியாகத் தெரிகிறவன் உயிரை எடுத்து மற்றவருக்குக் கொடுக்கிறாள். சுகமளிக்கும் கூட்டங்களுக்குப் போய்ப் பழகிய பிள்ளைகள் இதில் நன்றாகப் பேசுவார்கள். ஆனால் பேச்சு 'போலி ஊழியர்கள்' பக்கம் ஓடிவிடும், அதுதான் சுலபம். விடாதே. மூளையில் கட்டியோடு வந்து, கடைசிவரை சுகம் கிடைக்காமல் போகிற லேலாவைப் பற்றிக் கேள். அவளுக்கு விசுவாசம் குறைவா? டீன் அவளிடம், உனக்காக ஜெபிக்கிறேன் என்கிற இடம் வரும். பேச்சை அங்கிருந்து தொடங்கு.

அடுத்தது சீசன் 4, எபிசோட் 20, 'த ராப்ச்சர்'. காஸ்டியல் என்ற தூதன் ஜிம்மி என்கிற பக்திமானின் உடம்பை எடுத்துக்கொண்ட கதை. (அப்படி ஒரு பெயர் வேதத்தில் இல்லை. நம் 66 புத்தகங்களில் பெயர் சொல்லப்பட்ட தேவதூதர்கள் மிகாவேலும் காபிரியேலும்தான்.) விசுவாசத்தைக் காட்டச் சொன்னதும் ஜிம்மி கொதிக்கிற தண்ணீருக்குள் கையை விடுகிறான். கை வேகவில்லை, மனைவியோ பயந்துபோகிறாள். அங்கே நிறுத்திவிட்டு லூக்கா 1ஐ எடு. மரியாள் "இது எப்படியாகும்" என்று கேட்டபோது காபிரியேல் பரீட்சை வைக்கவில்லை, பதில் சொன்னான். உடம்பையும் கேட்கவில்லை.

சீசன் 5க்கு மேல் கூட்டத்தில் போடாதே. நான் தயங்குவது அங்கேதான். சக் என்று ஓர் எழுத்தாளன். அவன்தான் கடவுள் என்று சீசன் 11இல் சொல்வார்கள். கடைசி சீசனில் அவனே எதிரி. சகோதரர்கள் படுகிற பாடெல்லாம் அவனுக்குக் கதை எழுதத்தான். பிசாசைப் பார்த்துக் கெடாத பிள்ளை இந்தக் கடவுளைப் பார்த்துத் தலையாட்டும். அப்பாவைக் காணோம் என்றுதானே தொடரே ஆரம்பிக்கிறது? அப்பா சிங்கப்பூரில் வேலை, எப்போதாவது வருவார் என்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது சட்டென ஒட்டிக்கொள்ளும். யாராவது தனியாகப் பார்த்துவிட்டு வந்து சக்கைப் பற்றிக் கேட்டால் திட்டாதே. கடவுள் காரணமில்லாமல் வதைக்கிறார் என்று யோபுவும் இதே குற்றச்சாட்டைத்தான் வைத்தான். 38ஆம் அதிகாரத்தில் கர்த்தர் நேரில் வந்து பேசினார். அதை முழுசாக வாசிக்கக் கொடு.

ஒரு எபிசோட் 40 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். பேச அதே அளவு நேரம் வை, இல்லாவிட்டால் படம் பார்த்த கூட்டமாகத்தான் முடியும். விளக்கை அணைக்காதே. மலாய் சப்டைட்டில் இருந்தால் போடு. ஆங்கிலம் வேகமாக ஓடும். சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்காதே. முக்கியமாக, முதல் எபிசோடைப் போடாதே: தொட்டிலுக்கு மேலே கூரையில் தாய் எரிகிற காட்சி அதில்தான் இருக்கிறது.

பாஸ்டரிடம் முதலில் 'ஃபெய்த்'தை மட்டும் போட்டுக் காட்டு. மற்றதை அப்புறம் கேட்கலாம்.

அன்புடன்,
அம்மா