ஒரு மனம் மூடியே இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். ரசிகர் புனைவு, அதாவது பிறர் படைத்த கதாபாத்திரங்களை வைத்து ரசிகர்களே கதை எழுதுவது, பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். சேர்ந்து துப்பறியும் இருவரைக் காதலர்களாக்கி எழுதும் கதைகளுக்கு இவ்வளவு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் புதிதாக எழுத வருபவர்களுக்கு அதில் தரப்பட்டிருக்கும் முக்கியமான யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் அத்தியாயம் அவன் பார்வையில், அடுத்தது அவள் பார்வையில் என்று மாற்றி மாற்றி எழுதினால்தான் இரண்டு மனங்களும் வாசகருக்குத் திறக்கும் என்கிறார் கட்டுரையாளர். இந்த வகைக் கதைகளை அந்தப் பழக்கம்தான் பெரும்பாலும் கெடுக்கிறது என்பது என் கருத்து.

அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. தொலைக்காட்சித் தொடரில் கேமரா இருவருக்கும் வெளியேதான் நிற்கும். 1993இல் தொடங்கிய 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடர் மல்டர், ஸ்கல்லி என்ற இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகளை ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பார்வைகளையும் பாதியில் நின்றுபோன பேச்சையும் மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. மீதியை ரசிகர்கள் எழுதினார்கள். இருவர் காதலர்களாகச் சேர வேண்டும் என்று விரும்பும் ரசிகரைக் குறிக்கும் 'ஷிப்பர்' என்ற பெயரே 1990களில் அந்த ரசிகர்களிடமிருந்து பரவியதுதான். முகத்தை மட்டுமே பார்த்து ஏங்கியவர்களுக்கு, இரண்டு பேருடைய மனசுக்குள்ளும் புகுந்து பார்க்கத் தோன்றுவது இயல்புதான்.

ஆனால் துப்பறியும் கதை தெரியாத ஒன்றைத் தேடிப் போகும் கதை. காலடித் தடத்தையும் சாம்பலையும் படிக்கத் தெரிந்த ஒருவருக்குப் பக்கத்தில் நிற்பவரைப் படிக்கத் தெரியவில்லை; இந்தக் கதைகளின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கொலை நடந்த அறையில் அவன் தன் கோட்டைக் கழற்றி அவளிடம் நீட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். குளிர் என்பதாலா? அவள் கை நடுங்குவதை மற்ற அதிகாரிகள் பார்த்துவிடக் கூடாது என்பதாலா? அவள் பார்வையில் மட்டும் கதை நடந்தால் அவளோடு சேர்ந்து நாமும் அந்தக் கோட்டை ஒரு தடயமாக எடுத்து வைத்துக்கொள்வோம். அடுத்த அத்தியாயத்தில் அவனே வந்து காரணத்தை விளக்கிவிட்டால் அப்புறம் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? பல கதைகளில் இதைவிட மோசம், அதே அறையும் அதே கோட்டும் இன்னொரு முறை முழுதாக வரும். வழக்கு இருந்த இடத்திலேயே நிற்கும்.

துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸின் 60 கதைகளில் 56ஐச் சொல்பவர் அவருடைய நண்பர் வாட்சன். அவை காதல் கதைகள் அல்ல. ஆனாலும் அந்த இருவரைக் காதலர்களாக எழுதும் ரசிகர்கள் ஏராளம். அவர்களுக்கு இடம் கொடுத்தது இந்த ஒற்றைப் பார்வைதான் என்று நினைக்கிறேன். 1924இல் வந்த ஒரு சிறுகதையில் வாட்சன் தொடையில் குண்டு உரசிக் காயப்படுகிறார். ஹோம்ஸின் உதடு நடுங்குவதையும் கண் கலங்குவதையும் அவர் பார்க்கிறார். அத்தனை ஆண்டுகளாக ஒரு அறிவு இயந்திரத்தோடு வாழ்வதாக நினைத்திருந்தவருக்கு, அந்த ஒரு கணத்தில் எதிரே இருப்பது யார் என்று தெரிகிறது. இதையே ஹோம்ஸின் மனதிலிருந்து எழுதியிருந்தால் 'எனக்குப் பயமாக இருந்தது' என்ற ஒரு வரியோடு போயிருக்கும்.

சரி, ஹோம்ஸ் ஒருபோதும் பேசவே இல்லையா? பேசுகிறார். முதல் நாவல் வந்தது 1887இல். ஹோம்ஸே கதைசொல்லியாக வரும் இரண்டு சிறுகதைகள் வெளியானது 1926இல். முதலாவதன் தொடக்கத்திலேயே, வாட்சன் மனைவிக்காகத் தன்னை விட்டுப் போய்விட்டதாகவும், தங்கள் நட்பில் வாட்சன் சுயநலமாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்றும் சொல்லிக்கொள்கிறார். இந்த இடம் ஏன் இவ்வளவு பாதிக்கிறது? முப்பத்தொன்பது ஆண்டுகளாகப் பூட்டியிருந்த கதவு அது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் திறந்து மூடியிருந்தால் அந்த வரியை யாரும் நின்று படித்திருக்க மாட்டார்கள்.

ஒற்றைப் பார்வைக்குள்ளேயே செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. ஸ்கல்லி வழக்கு அறிக்கை தட்டச்சு செய்யும் குரல் தொடரிலேயே அடிக்கடி வரும். அதை ஒட்டி எழுதும்போது, அறிக்கையில் வருவது ஒன்று, அறிக்கையில் எழுதாமல் விட்டது ஒன்று என்று ஒரே மனதுக்குள் இரண்டு தளங்களை வைக்கலாம். மல்டரை விட்டுவிட்டு எழுதிய வாக்கியத்தில்தான் அவன் அதிகமாகத் தெரிவான்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. படர்க்கையில் எழுதும்போது 'அவனா' 'அவரா' என்று முதல் வரியிலேயே நாம் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவு கதைசொல்லியுடையது அல்ல, யார் மனதில் நாம் இருக்கிறோமோ அவருடையது. மூத்த அதிகாரியை 'அவர்' என்றே நினைத்து வந்த ஒரு பெண்ணின் மனம் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் 'அவன்' என்று நினைத்துவிட்டால், காதலைச் சொல்ல வேறு வசனம் தேவையில்லை. பார்வையை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதை இழந்துவிடுகிறார்கள். கூடவே 'செந்நிறக் கூந்தல்காரி', 'உயரமானவன்' என்றெல்லாம் எழுதும் பழக்கம் வேறு. ஏழு வருடம் கூட வேலை செய்தவளைத் தலைமுடியின் நிறத்தை வைத்து யாரும் மனதுக்குள் கூப்பிடுவதில்லை. அப்படி ஒரு சொல் வந்தால், எழுதுபவர் அந்த மனதைவிட்டு வெளியே வந்துவிட்டார் என்று அர்த்தம்.

இரு பார்வையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒருவர் மற்றவரிடம் வழக்கு சம்பந்தமான ஒன்றை மறைக்கிறார் என்றால் இரண்டு மனங்களும் தேவைப்படலாம். அவள் ஒளித்து வைத்த கடிதத்தை அவன் நெருங்கும்போது நமக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் அங்கே எழுத்தாளருக்கு நேர்மை வேண்டும். மனதுக்குள் நம்மை அழைத்துப் போய்விட்டு, அந்த மனதுக்குத் தெரிந்த தடயத்தை மட்டும் மறைப்பது வாசகரை ஏமாற்றுவது. பார்வைகள் கூடக்கூட அப்படி ஏமாற்ற வேண்டிய கட்டாயமும் கூடுகிறது.

கட்டுரையில் என்னை மிகவும் வருத்திய இடம் வேறு. வழக்கு என்பது 'காதலுக்கு ஒரு பின்னணி' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார். இருவரையும் இரவெல்லாம் ஒரே காரில் உட்காரவைப்பது வழக்கு. முடிந்துவிட்டால் சேர்ந்திருக்க வேறு காரணம் சொல்ல வேண்டுமே என்ற பயத்தைக் கொடுப்பதும் அதுதான். குற்றவாளி பிடிபட்டு, ஒருவர் காயப்பட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே காதல் சொல்லப்படும் கதைகள் நிறைய வருகின்றன. அந்த நேரத்தில் சொல்வதால் யாருக்கும் எதுவும் குறையப்போவதில்லை. வழக்கு முடிய இன்னும் மூன்று அத்தியாயம் இருக்கும்போது சொல்லட்டும். அவனுடைய தப்பான ஊகத்தை அவள் இனிமேலும் முன்போல முகத்துக்கு நேராக மறுப்பாளா? ஆபத்தான கதவை அவன் முதலில் திறக்க விடுவாளா? காதல் அவர்களுடைய வேலையைத் தொட்டுவிட்டது. கதை இனிமேல்தான் சூடு பிடிக்கும்.

ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியர் டோரதி எல். சேயர்ஸ் இதை ரசிகர் புனைவு என்ற பேச்சே இல்லாத காலத்தில் செய்து காட்டியிருக்கிறார். 1930இல் வந்த அவருடைய நாவலில் துப்பறிவாளர் பீட்டர் விம்ஸி, எழுத்தாளர் ஹேரியட் வேனைக் கொலைப் பழியிலிருந்து மீட்கிறார். காதலையும் சொல்கிறார். உயிரைக் காப்பாற்றியதற்கான நன்றிக்கடன் நடுவில் நிற்கும்போது சம்மதிக்க அவளால் முடியவில்லை. அவள் சம்மதம் சொல்வது 1935இல் வந்த நாவலின் முடிவில். அந்த நாவல் பெரும்பாலும் ஹேரியட்டின் பார்வையிலேயே நடக்கிறது. உண்மைக்கு விசுவாசமா, உறவுக்கு விசுவாசமா என்ற மோதல்தான் அதில் குற்றத்தின் வேர். அறிவையும் காதலையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியுமா என்ற ஹேரியட்டின் தயக்கமும் அதே கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது. வழக்கைத் தீர்க்காமல் அவளால் தன் பதிலுக்கு வந்து சேரவே முடியாது. காதல் மெல்ல மெல்லக் கனியும் 'ஸ்லோ பர்ன்' கதை எழுத விரும்புபவர்களுக்கு இந்த நாவலைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் இதழில் தொடரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஒரே காட்சியை ஒற்றைப் பார்வையிலும் இரு பார்வையிலும் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுங்கள். எழுத வருபவர்கள் தாங்களே முடிவு செய்துகொள்ளட்டும். அப்புறம், வழக்கைப் பின்னணி என்று சொன்ன அந்த வரியைக் கட்டுரையாளர் திருத்திக்கொள்ள வேண்டும் என்றும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி