மேட்டுப்பாளையத்தில் ஏற்றாத மலை ரயில்

அனுப்புநர்: பெருந்துறை வாடிக்கையாளர், ஈரோடு மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், சுற்றுலா ஏற்பாட்டு நிறுவனம், கோயம்புத்தூர்.

பொருள்: ஊட்டி மலை ரயில் பயணத்தில் முக்கியமான வழியை விட்டுவிட்டது – பணத்தைத் திருப்பக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

போன பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை உங்கள் ஏற்பாட்டில் நாங்கள் நான்கு பேர் ஊட்டி போனோம். தலைக்கு 3,400 ரூபாய். நீங்கள் கொடுத்த நோட்டீசில் நீராவி எஞ்சின் படம். கீழே '46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன்.

காலையில், மலை ரயில் கிளம்பும் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் வேன் நிற்கவே இல்லை. கேட்டதற்கு, "மண்சரிவுங்க சார், கீழே ரயில் ஓடலைங்க" என்றார் உடன் வந்த பையன். அந்தப் பாதையில் மண் சரிவது உண்டுதான், நம்பிவிட்டோம். குன்னூரில் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பத்தரை மணி வாக்கில், கீழேயிருந்து அதே ரயில் புகை விட்டுக்கொண்டு வந்து நின்றது! எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. பையன் போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நழுவிவிட்டார்.

எங்களை ஏற்றியது மதியம் கிளம்பிய குன்னூர்–ஊட்டி வண்டியில், டீசல் எஞ்சின். டிக்கெட்டிலும் 'குன்னூர்' என்றே இருக்கிறது, நகல் இணைத்துள்ளேன். கேத்தி, லவ்டேல் பக்கமெல்லாம் அழகுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பவானிப் பாலம், பாக்குத் தோப்பு, கல்லாறு தாண்டியதும் வரும் பள்ளத்தாக்கு எல்லாம் கீழேயே போய்விட்டன. தண்டவாளங்களுக்கிடையே உள்ள பல் வைத்த சட்டத்தைப் பிடித்து, ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி என்று வண்டி ஏறுவது கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான். 1899இல் குன்னூர் வரை முதலில் ஓடியதும் அந்தப் பாதைதான்.

எங்களோடு வந்த அப்பாருக்கு வயது 81. சின்ன வயதில் ஒரே ஒரு தடவை அந்த வண்டியில் போனவர். பெட்டிக்குப் பெட்டி பிரேக்காரர் நின்று, எஞ்சினின் விசிலுக்கு ஏற்றாற்போல் பிரேக் பிடிப்பதை இன்னமும் நடித்துக் காட்டுவார். கேத்தியில் வண்டி நின்றதும் குனிந்து தண்டவாளத்தையே பார்த்தார். "ஏங்கண்ணு, நடுவுல பல்லையே காணமே? இது நம்மூரு ரயிலாட்டமல்ல இருக்குது?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "எல்லாம் ஒரே ரயில்தானுங்க, மொத்தப் பாதைக்கும் யுனெஸ்கோ அங்கீகாரம் இருக்குதுங்க" என்றார்கள். 2005இல் கிடைத்த அங்கீகாரம் எனக்கும் தெரியும். நான் கேட்டது, காட்டிய எஞ்சினில் ஏன் ஏற்றவில்லை என்பதைத்தான். மேட்டுப்பாளையம் டிக்கெட் கிடைக்கவில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் தேதியை மாற்றியிருப்போம். மண்சரிவு என்று பொய் சொன்னதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

15 நாளில் ஆளுக்குப் பாதித் தொகை, மொத்தம் 6,800 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் ஈரோடு நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். குடியிருக்கும் ஊரிலேயே போட 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. பணத்துக்குப் பதில் மேட்டுப்பாளையத்திலிருந்து நான்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாலும் சரி. அப்பாரு அதைத்தான் கேட்கிறார், அவருக்கு மட்டும் ஜன்னல் ஓரமாக.

இப்படிக்கு,
பெருந்துறை வாடிக்கையாளர்