கொள்ளு அளப்பதற்கு முன்னால்

அன்புள்ள அம்மிணி,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்லவில்லை. "எங்கள் லாயத்தில் இருக்கிற பதினொரு குதிரைக்கும் எதெதற்கு எவ்வளவு தீனி என்று ஒரு அட்டவணை போட்டுக் கொடுங்கள் அப்பா, சுவரில் ஒட்டிவிடுகிறேன்" என்றாய். படுத்த பிறகும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அட்டவணை போட்டுத் தரலாம். ஆனால் நீ அதை ஒட்டிய நாளில் மட்டும்தான் அது சரியாக இருக்கும். அடுத்த மாதம் சினையாக இருக்கிற ராணிக்கு வயிறு இறங்கிவிடும், கால் புண்ணோடு நிற்கிற குதிரை நடக்க ஆரம்பித்துவிடும், வெயில் ஏறிவிடும். காகிதம் மட்டும் அப்படியே சுவரில் இருக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றை முதலில் சொல்கிறேன். 1987 தைப்பூசம். பழனியில் உன் தாத்தாவுக்கு உடம்பு முடியாமல் போய், குதிரை வண்டியை நான் கையில் எடுத்த முதல் வருஷம். சிங்காரம் என்று ஒரு மட்டக்குதிரை, 280 கிலோ இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கும் அடிவாரத்துக்கும் காலையிலிருந்து நடுராத்திரி வரை ஓட்டம். சாதாரண நாளில் ஒன்றரைக் கிலோ கொள்ளு தின்னும். திருவிழாவுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி மூன்று கிலோவுக்குக் கொண்டு வந்திருந்தேன். அது வரைக்கும் சரி. திருவிழா முடிந்து கூட்டம் கலைந்ததும் அதைக் கொட்டகையில் கட்டி ஐந்து நாள் ஓய்வு கொடுத்தேன். பாவம், அவ்வளவு உழைத்ததே, தின்னட்டும் என்று கொள்ளைக் குறைக்காமல் அதே மூன்று கிலோ போட்டேன்.

ஆறாம் நாள் காலையில் வண்டி பூட்டினேன். நூறு கெஜம் போயிருக்காது, பின்னங்கால் எட்டு வைக்க மறுத்தது. அடித்து ஓட்டுகிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது. இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தேன். புட்டத்துச் சதை மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. நின்ற இடத்திலேயே வேர்வை கொட்டியது. கொஞ்ச நேரத்தில் சிறுநீர் விட்டது, டிகாக்‌ஷன் நிறத்தில். கால்நடை டாக்டர் வந்து, ஓரடிகூட நடத்தாதே, தண்ணீர் காட்டு, தானியத்தைக் கண்ணில் காட்டாதே என்றார். உழைக்கிற குதிரையை நிறுத்திவிட்டுத் தீனியை மட்டும் குறைக்காமல் விட்டால் இப்படிச் சதை பிடித்துக்கொள்ளும், வெள்ளைக்காரன் காலத்தில் இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர் என்றார். ஞாயிறு ஓய்வு, திங்கள் வேலை, அதனால் அந்தப் பெயர். சிங்காரம் பிழைத்தது. ஆனால் ஆறு வாரம் வண்டி இழுக்கவில்லை. பங்குனி உத்திரம் வரை வீட்டில் என்ன சாப்பிட்டோம் என்று உன் பாட்டி இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அந்த ஆறு வாரமும் அது என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது.

அதனால் உன் குதிரைகளில் எதற்காவது மறுநாள் சவாரி இல்லை என்றால், முந்தின ராத்திரியே தானியத்தைப் பாதியாக்கு. புல்லைக் குறைக்காதே. குளம்பில் சீழ் வைத்து நிற்கிறதே, அதற்குத் தானியம் இப்போதைக்குச் சுத்தமாக வேண்டாம். நல்ல காய்ந்த புல்லும் உப்பும் போதும். குறைப்பதை ஒரே நாளில் குறைக்கலாம், தப்பில்லை. ஏற்றுவதைத்தான் பத்து நாள், பதினைந்து நாள் எடுத்து ஏற்ற வேண்டும்.

இப்போது நேற்று நீ சொன்னதில் என்னைத் தூங்க விடாத விஷயத்துக்கு வருகிறேன். ஓட்ஸ் விலை ஏறிவிட்டது, அதனால் கொள்ளுக்கு மாறிவிட்டோம், அதே டப்பாவில்தான் அளக்கிறோம் என்றாய். அம்மிணி, அந்த டப்பாவைத் தூக்கித் தராசில் வை. லிட்டர் டப்பா நிறைய ஓட்ஸ் போட்டால் அரைக் கிலோ நிற்கும். அதே டப்பாவில் கொள்ளு முக்கால் கிலோவுக்கு மேல் போகும். கோதுமைத் தவிடு கால் கிலோகூட வருமா என்பது சந்தேகம். நீங்கள் அளவை மாற்றவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். குதிரைக்கோ ஒரே நாளில் ஒன்றரை மடங்கு தீனி விழுந்திருக்கிறது, அதுவும் பழக்கமில்லாத தீனி. இன்றைக்கே ஒரு தராசு வாங்கு, சமையலறைத் தராசு போதும். எந்தத் தானியம் எத்தனை டப்பா என்றால் எத்தனை கிலோ என்று டப்பா மேலேயே பெயின்டால் எழுது. கொள்ளுக்கு மாறுவதை இப்போதே நிறுத்தி, மறுபடி ஓட்ஸிலிருந்து தொடங்கு. நாலில் ஒரு பங்கு கொள்ளு மூன்று நாள், பாதி மூன்று நாள், முக்கால் மூன்று நாள், அப்புறம் முழுசாக. கொள்ளை ஊறவைத்து வேகவைத்துப் போடுங்கள். பச்சைக் கொள்ளு சரியாகச் செரிக்காது.

குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்குப் பொருத்தமே இல்லாமல் சின்னது, பத்துப் பதினைந்து லிட்டர்தான். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்று அமைந்த உடம்பு அது. அதற்கு வாந்தியும் எடுக்க வராது. உள்ளே போனது போனதுதான். ஒரு வேளைக்குத் தானியம் நூறு கிலோ எடைக்கு அரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று நான் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் போனால் மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். அங்கே நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் செத்துப் போகும். வயிற்று வலி வரும், அதையும் தாண்டினால் குளம்புக்குள் வீங்கி நிற்கவே முடியாமல் போகும். நாள் கணக்கில் அதிகம் தேவைப்படுகிற குதிரைக்கு வேளைகளைக் கூட்டு. இரண்டு வேளையை நாலாக்கு.

எடை தெரியாமல் எப்படி என்று கேட்பாய். தையல்காரர் டேப் ஒன்று எடுத்துக்கொள். முன்னங்காலுக்குப் பின்னால், முதுகு மேட்டைச் சுற்றி நெஞ்சளவு எடு. தோள் முனையிலிருந்து புட்டத்து முனை வரை நீளம் எடு. இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். நெஞ்சளவு 165, நீளம் 150 என்றால் ஏறக்குறைய 344 கிலோ. பத்து இருபது கிலோ முன்பின் இருக்கும், பரவாயில்லை. உனக்கு வேண்டியது போன வாரத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்பதுதான். வாரம் தவறாமல் சனிக்கிழமை காலையில், தீனி போடும் முன்னால், ஒரே ஆள் டேப் பிடிக்க வேண்டும்.

டேப்புக்கு அப்புறம் கை. கண்ணை நம்பாதே, குளிர்காலத்து ரோமம் ஏமாற்றிவிடும். உன் இடது கையை விரித்து வைத்து, புறங்கையில் வலது விரலால் தடவிப் பார். எலும்பு தெரியாது, ஆனால் விரலுக்குத் தட்டுப்படும். குதிரையின் விலா அப்படி இருந்தால் நல்லது. இப்போது கையை மூடிக்கொண்டு விரல் முட்டிகள் மேல் தடவு. விலா அப்படி இருந்தால் இளைத்திருக்கிறது. உள்ளங்கைச் சதை மாதிரி மெத்தென்று இருந்தால் தானியத்தைக் குறை. நீ படித்த பயிற்சியில் 1983இல் டெக்சாஸில் ஹென்னகி என்பவர் வகுத்த, குதிரையின் சதைப்பிடிப்புக்கு ஒன்று முதல் ஒன்பது வரை போடுகிற மதிப்பெண் முறையைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையும் எழுதி வை. ஐந்து, ஆறில் நின்றால் போதும். நம் ஊரில் இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். அதை நம்பிக் கொழுத்த குதிரைக்குக் கொள்ளைக் கொட்டிவிடாதே. அது மனுஷனுக்குச் சொன்னது.

ராணியைப் பற்றி. எட்டு மாதம் என்கிறாய். சினைக் குதிரைக்குப் பதினோரு மாதம். வயிற்றில் குட்டி வளர்வதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் நடக்கும். அதே சமயத்தில் குட்டி இடத்தை அடைத்துக்கொள்வதால் அவளால் முன்போல் புல்லைத் தின்ன முடியாது. அதனால் புல்லில் ஒரு பகுதியைக் குறைத்து, அந்த இடத்தில் குதிரைமசால் என்கிற லூசர்ன் தழையைப் போடு. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில்தான் இருக்கிறது. தானியத்தை லேசாகத்தான் ஏற்ற வேண்டும். சினையாயிற்றே என்று கொழுக்க வைக்காதே. பெரிய மாற்றம் ஈன்ற பிறகுதான் வரும். 400 கிலோ குதிரை முதல் மாதங்களில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு லிட்டர் பால் தரும். அவளுக்கு வேண்டிய சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அதையும் ஈன்ற அன்றே கொட்டாமல் இரண்டு வாரத்தில் ஏற்று. அப்புறம் குட்டியைப் பிரிப்பதற்கு ஒரு வாரம் முன்னால் தானியத்தை இறக்கிவிடு, மடி கட்டிக்கொள்ளாமல் பால் வற்றும்.

நேப்பியர் புல்லும் தவிடும் மலிவாகக் கிடைக்கிறது என்று அதிலேயே ஓட்டாதீர்கள். நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு குறைவு. இரண்டும் சேர்ந்தால் குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவும். முகத்தெலும்பு வீங்கிப் பெருத்துவிடும், நொண்டும். ராணி போன்றவளுக்கு இது இன்னும் மோசம்.

கிழவர் ரகுவுக்கு இருபத்திரண்டு வயது, இளைத்துக்கொண்டே போகிறார் என்றாய். தீனியைக் கூட்டும் முன் அவர் நிற்கிற தரையைப் பார். மென்று துப்பிய புல் உருண்டை கிடக்கிறதா? லத்தியை, அதாவது அவர் போட்ட சாணத்தை, ஒரு குச்சியால் கலைத்துப் பார். முழுத் தானியமும் நீள நீளமான புல்லும் வருகிறதா? வந்தால் குறை தீனியில் இல்லை, பல்லில். டாக்டரைக் கூப்பிட்டுப் பல்லை அரத்தால் ராவச் சொல். ராவியும் தேறவில்லை என்றால் புல்லைப் பொடியாக நறுக்கி, தீனியைக் கூழாக ஊறவைத்து நாலைந்து வேளையாக வை. தனியாகக் கட்டிக் கொடு. மற்றவர்கள் பிடுங்கித் தின்ன விடாதே. மிச்சம் வைத்தால் புளிக்கும் முன் எடுத்துவிடு.

கல்யாண ஊர்வலத்தில் நடந்து நடந்து எலும்பாகி உங்களிடம் வந்து சேர்ந்த குதிரையைப் பார்த்தால் மனசு கேட்காதுதான். ஆனாலும் அதற்கு இப்போது கொள்ளு கொடுக்காதே. பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து ஏறினால் ரத்தத்தில் இருக்கிற உப்புகள் சரிந்து இதயமே நின்றுவிடும். முதல் பத்து நாளும் காய்ந்த குதிரைமசால் மட்டும், நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம், கைப்பிடி கைப்பிடியாக. ராத்திரியிலும்தான். யாராவது அலாரம் வைத்து எழுந்துதான் ஆக வேண்டும். பழைய உடம்பு திரும்ப நாலைந்து மாதம் ஆகும், அவசரப்படாதே.

கோழித் தீவனமோ அது கலந்த மெஷினில் அரைத்த தீனியோ லாயத்துக்குள் வரவே கூடாது. கோழிக்குக் கலக்கிற மோனென்சின் என்கிற மருந்து குதிரையின் இதயத்தைக் கொன்றுவிடும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை அப்படியே வெளியே கொட்டு, வெயிலில் காயவைத்துப் போடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே.

வெயில் காலத்தில் ஓடுகிற குதிரைக்கு உப்பைக் கூட்டு. நம் வேர்வையைவிட அதன் வேர்வையில் உப்பு அதிகம். குளிர் அடிக்கும் ராத்திரியில் தானியத்தைக் கூட்டாமல் புல்லைக் கூட்டு. பெருங்குடலில் நார் செரிக்கும்போதுதான் உடம்பு உள்ளிருந்து சூடாகும்.

சுவரில் ஒட்டக் காகிதம் வேண்டும் என்றால் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு நோட்டுப் போடு. தேதி, நெஞ்சளவு, விலாவின் மதிப்பெண், என்ன வேலை, எத்தனை கிலோ எது, லத்தி எப்படி. மாற்றியவர் தன் பெயரை எழுத வேண்டும். பென்சிலால் எழுதுங்கள், எப்படியும் திருத்த வேண்டியிருக்கும்.

அம்மா உனக்குக் கொள்ளுப்பொடியும் கண்ணாடிப் பாட்டிலில் நார்த்தங்காயும் கட்டி வைத்திருக்கிறாள். நாளைக்கு பார்சல் போடுகிறேன். என் பழைய டேப்பும் அதில் இருக்கும், நுனி கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆனால் அளவு சரியாக இருக்கும், நான் பார்த்துவிட்டேன். சனிக்கிழமை பதினொன்றையும் அளந்து எண்களை எனக்கு அனுப்பு. ரகுவின் லத்தியைக் கலைத்துப் பார்த்ததும் அன்றைக்கே கூப்பிடு.

அன்புடன்,
அப்பா