ஒரு சுற்றுக் கணக்கு

டேய் சண்முகம்,

எல்லோரும் சுகம்தானே? தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? நீ கடிதம் போடமாட்டாய், தெரிந்ததுதான். ஆனால் பட்டறையை மூடிவிட்டு கம்பெனிச் சம்பளத்துக்குப் போகப்போகிறாயாமே, கோபால் சொன்னான். போ, போகாதே என்று நான் சொல்லவில்லை. முதலில் ஆலன் குல்விக்கி கதையைக் கேள்.

அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயம், அதாவது பார்க்கச் சாதாரண ரோட்டுக் கார் மாதிரி இருக்கும் வண்டிகளின் பந்தயம், அந்த நாட்டுத் தெற்கத்திக்காரர்கள் கோட்டை. இவன் வடக்கே விஸ்கான்சின்காரன், போலந்து வம்சாவளி, நம்மைப் போல மெக்கானிக்கல் படித்தவன். 1985-ல் வட கரோலினாவுக்கு மூட்டை கட்டினான். சொந்த டீம், முதலாளியும் அவனே, ஓட்டுநரும் அவனே. ஜூனியர் ஜான்சன் என்ற பெரிய டீம் முதலாளி தன் காரை ஓட்டக் கூப்பிட்டும் மாட்டேன் என்றுவிட்டான். 1991 தொடக்கத்தில் நிரந்தர ஸ்பான்சர்கூடக் கிடையாது. கிறுக்கன் என்றுதான் நீயும் சொல்வாய்.

வருஷம் முழுக்கப் பந்தயத்துக்குப் பந்தயம் புள்ளி சேரும், கடைசியில் அதிகப் புள்ளி வைத்திருப்பவனுக்குப் பட்டம். 1992 செப்டம்பரில் டோவர் பந்தயத்தில் இடித்துக்கொண்டு, முதலிடத்துக்கு 278 புள்ளி பின்தங்கினான். மிச்சம் ஆறே பந்தயம். எப்படியோ ஏறி வந்து, நவம்பர் 15 அட்லாண்டா கடைசிப் பந்தயத்துக்குப் புள்ளிப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் வந்து நின்றான். தண்டர்பேர்ட் காரின் மூக்கில் இருந்த பெயரில் முதல் இரண்டு ஆங்கில எழுத்தை (TH) உரித்துவிட்டு 'அண்டர்பேர்ட்' ஆக்கியிருந்தான், 'அண்டர்டாக்', அதாவது இளைத்தவன் என்ற குசும்பு! புள்ளியில் முன்னணியிலிருந்த டேவி ஆலிசன் விபத்தில் சிக்கி விலக, பட்டத்துக்கு மிஞ்சியவர்கள் இவனும் பில் எலியட்டும். எலியட் ஓட்டியது யார் காரை? அதே ஜான்சன் காரை!

இங்கேதான் மாப்ளே விஷயம். அதிகச் சுற்றுகள் முன்னிலையில் ஓடியவனுக்கு ஐந்து புள்ளி கூடுதல். முதல் கியர் போன வண்டியை வைத்துக்கொண்டு, சுற்றுகளை எண்ணி எண்ணி, அந்த ஐந்தும் கைக்கு வந்தது உறுதியான பிறகுதான் பெட்ரோல் போட உள்ளே வந்தான். பந்தயத்தை ஜெயித்தது எலியட். ஆனால் முன்னிலைச் சுற்று இவனுக்கு 103, அவனுக்கு 102. பட்டம் 10 புள்ளியில் இவனுக்கு! அந்த ஐந்து புள்ளி இவனுக்குப் பதில் எலியட்டுக்குப் போயிருந்தால் சமநிலை. அப்போது, அந்த ஆண்டு இவனைவிட அதிகப் பந்தயம் ஜெயித்த எலியட்தான் சாம்பியன் ஆகியிருப்பான். பந்தயம் முடிந்ததும் குல்விக்கி வண்டியைத் திருப்பி எதிர்த்திசையில் ஒரு ரவுண்டு. அப்போதுதான் ஓட்டுநர் ஜன்னல் ஜனங்கள் பக்கம் வரும், கையாட்டலாம்.

ஐந்து மாதம்கூட அனுபவிக்கவில்லை. 1993 ஏப்ரல் 1, பிரிஸ்டல் பந்தயத்துக்குப் போகும் வழியில் ஸ்பான்சரின் விமானம் விழுந்தது. வயது 38. எழுதும்போதே மனசு என்னவோ செய்கிறது.

வீம்பால் ஜெயித்தான் என்று எவனாவது சொன்னால் நம்பாதே. நீ வாடகை, கடன், பையன் ஃபீஸ் எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தாயா, இல்லை அந்த மேனேஜர் வாங்கிக்கொடுத்த பிரியாணியில் முடிவெடுத்தாயா? தாளை எனக்கு அனுப்பு. அப்புறம், என் டார்க் ரெஞ்சை கோபாலிடமிருந்து பிடுங்கி வை, பொங்கலுக்கு வருகிறேன்.

உன்,
ராஜு